காற்று திரும்பும் நேரம்

எங்கள் வீட்டுச் சுவரில் கடிகாரம் இருந்தது. ஆனால் பகல் பன்னிரண்டு மணியை மட்டும் அம்மா அதில் பார்க்கமாட்டாள், மொட்டை மாடிக் கொடியில் காயும் துணியில்தான் பார்ப்பாள். காலையெல்லாம் கடல் பக்கமாகப் பறந்துகொண்டிருந்த புடவை சட்டென்று தொய்ந்து தொங்கும். கொஞ்ச நேரம் எதுவும் அசையாது. அப்புறம் முந்தானை மெதுவாக எழுந்து மேற்கே திரும்பும். "காத்து திரும்பிச்சுடி, துணிய எடுங்க!" என்று அம்மா போடும் சத்தத்தில் ஏழு குடித்தனமும் மாடிப்படியில் ஓடும். பாதி காய்ந்த ரவிக்கை, முக்கால் காய்ந்த வேட்டி, காயவே காயாத நைனாவின் காக்கிச் சட்டை எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு இறங்குவார்கள். பிந்தியவள் மறுபடி துவைக்க வேண்டியதுதான்.

கடல் காற்றுக்குப் பட்டணமே ஏங்கிக் கிடக்கும். கத்திரி வெயிலில் அது வரத் தாமதமானால் மயிலாப்பூரும் தி.நகரும் புலம்பித் தீர்க்கும். ராயபுரத்தில் எங்கள் தெருவுக்கு அந்தக் காற்று துறைமுகத்தைத் தாண்டித்தான் வந்தாக வேண்டும். வரும் வழியில், ஜவகர் டாக்கில் குன்று குன்றாகக் குவிந்திருந்த நிலக்கரியில் ஒரு பிடி அள்ளிக்கொண்டு வரும். மேல்காற்று வலுத்து, கடல் காற்று மூன்று மணிவரை தலைகாட்டாத மே மாத நாட்களில் ஊரே வெந்துகொண்டிருக்க, என் அம்மா மட்டும் சந்தோஷமாக இருப்பாள். அன்றைக்குப் போர்வை துவைப்பாள்.

இதன் கணக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் எனக்குப் புரிந்தது. வெயில் ஏற ஏறத் தரை சீக்கிரம் சுடும், கடல் அவ்வளவு சீக்கிரம் சுடாது. தரைமேல் இருக்கும் காற்று சூடாகி மேலே போக, அந்த இடத்தை நிரப்பக் கடல்மேல் இருக்கும் குளிர்ந்த காற்று உள்ளே வரும். ராத்திரியில் இதுவே தலைகீழ். தரை முதலில் ஆறிவிடும், காற்று கடலை நோக்கிப் போகும். கரித்தூள் எல்லாம் வங்காள விரிகுடாவுக்குப் போய்விடும், எங்களுக்கு விடுதலை என்று நினைத்தால் அதுவும் இல்லை. விடியற்காலையில் மேற்கே கொடுங்கையூர்க் குப்பைமேட்டிலிருந்து எரியும் ரப்பர் நாற்றம் வந்து எழுப்பும். பகலில் கிழக்கத்திக் கறுப்பு, இரவில் மேற்கத்திப் புகை. இரண்டு ஷிஃப்டு.

நைனா ஹார்பரில் கலாசி. கரியை இறக்கும் கன்வேயர் பெல்ட் பக்கம் வேலை. ஒரிசாவில் தால்ச்சேர் சுரங்கத்தில் வெட்டிய கரி ரயிலேறி பாரதீப் வந்து, அங்கே கப்பலேறி மெட்ராஸ் வந்து, இங்கே மறுபடி வேகனில் ஏறி எண்ணூருக்கும் மேட்டூருக்கும் அனல்மின் நிலையங்களுக்குப் போகும். எங்கேயோ ஒரு வீட்டில் விளக்கு எரிவதற்காக நைனா கறுத்துப்போய் வீடு திரும்புவார். கிணற்றடியில் குனிந்து மூக்கைச் சிந்துவார். மை போல வரும். "பாத்தியா, எல்லாம் வெளிய வந்துடுச்சு" என்று என்னைப் பார்த்துச் சிரிப்பார். பிறகு அம்மா ஒரு துண்டு வெல்லம் கொடுப்பாள். வெல்லம் தின்றால் நெஞ்சில் ஒட்டிய தூசி இறங்கிவிடும் என்று ஹார்பரில் எல்லோரும் நம்பினார்கள். நானும் நம்பினேன், பாதித் துண்டு எனக்குக் கிடைத்ததால்.

சில நாட்களில் கறுப்புக்குப் பதில் சிவப்பு வரும். பாரதி டாக்கில் இரும்புத் தாது ஏற்றும் நாள் அது. பெல்லாரி, ஹொஸ்பேட் பக்கத்து மண். ஜன்னல் விளிம்பில் விரலால் கோடு இழுத்து, "இன்னிக்குக் கரியா, தாதுவா" என்று நானும் அண்ணனும் பந்தயம் கட்டுவோம். தோற்றவன் ஒரு குடம் தண்ணீர் தூக்க வேண்டும்.

அந்த ஜன்னல் விளிம்பை ஈரத்துணியால் துடைப்பதுதான் அம்மாவின் வாழ்க்கை என்று சொன்னால் மிகையில்லை. காலையில் ஒருமுறை, காற்று திரும்பியதும் ஒருமுறை, விளக்கு வைப்பதற்கு முன் ஒருமுறை. சோற்றுப் பானைக்கு மூடி, மூடிக்குமேல் துணி. தண்ணீர்க் குடத்துக்கு வேடு கட்டுவாள். பள்ளிக்கூடத்துக்குப் போகும் வெள்ளைச் சட்டையை டிரங்குப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டுவாள். எங்கள் ஏழு குடித்தனத்தில் யாருடைய தரை வெள்ளையாக இருக்கிறது என்பதில் சத்தமில்லாத ஒரு போட்டி நடந்தது. அதில் அம்மாதான் எப்போதும் முதல்.

இப்போது யோசித்தால் எனக்குச் சிரிப்பும் வருகிறது, வயிற்றெரிச்சலும் வருகிறது. அம்மா போரிட்ட எதிரி எளிய எதிரி. விரலில் ஒட்டுகிற, துணியில் தெரிகிற கரித்தூள் ஒவ்வொன்றும் பெரிய உருப்படி. அதில் பெரும்பகுதியை மூக்கே பிடித்து நிறுத்திவிடும். நைனாவின் கைக்குட்டை கறுத்தது அவர் மூக்கு ஒழுங்காக வேலை செய்ததற்கான சாட்சி. பிரச்சினை செய்வது அதைவிடச் சின்னது. தலைமுடியின் பருமனை முப்பதாகப் பிளந்தால் வரும் ஒரு துணுக்கு, அதாவது இரண்டரை மைக்ரான், அதற்கும் கீழே. அது தரையில் படியாது, மணிக்கணக்காக மிதக்கும். மூக்கில் நிற்காமல் நுரையீரலின் கடைசிக் காற்றுப்பைவரை போய் உட்கார்ந்துகொள்ளும். அது நிறைய உண்டாவது தூசியில் இல்லை, எரிவதில். எங்கள் வீட்டில் எரிவதற்கா பஞ்சம்?

நைனாவைப் பெற்ற ஆயாவின் ராஜ்ஜியம் அடுப்பங்கரை. பத்துக்குப் பன்னிரண்டு அறையில் ஒரு மூலையை முக்கால் ஆள் உயரச் சுவரால் தடுத்து, அதற்கு அடுப்பங்கரை என்று பெயர் வைத்திருந்தோம். புகை போக்கி கிடையாது. ஓட்டில் ஒரு கண்ணாடி, அதன் ஓரத்தில் ஒரு சந்து, அவ்வளவுதான். காலையில் விறகடுப்பு, மத்தியானம் மரத்தூள் அடுப்பு, அவசரத்துக்குக் கிருஷ்ணாயில் ஸ்டவ். கிருஷ்ணாயில் என்றால் மண்ணெண்ணெய். ரேஷனில் ஊற்றும் நீலத் திரவத்துக்கு எங்கள் பக்கத்தில் அதுதான் பெயர், பகவானுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

மரத்தூள் அடுப்பைக் கட்டுவது ஒரு கைவேலை. மரவாடியிலிருந்து கோணிப்பையில் தூள் வாங்கி வருவோம். பழைய டின்னின் நடுவில் ஒரு பாட்டிலை நிறுத்தி, கீழ் ஓட்டையில் ஒரு உருட்டுக் கட்டையைச் செருகி, சுற்றிலும் தூளைப் போட்டு ஆயா இடிப்பாள். இறுக்கம் குறைந்தால் நடுவில் சரிந்து அணைந்துவிடும், கூடிவிட்டால் பற்றாது. கடைசியில் பாட்டிலையும் கட்டையையும் திருகித் திருகி உருவுவாள். உள்ளே சுத்தமான ஒரு சுரங்கம் நிற்கும். அந்தக் கணத்தில் ஆயாவின் முகத்தைப் பார்க்க வேண்டும், கோபுரம் கட்டி முடித்த ஸ்தபதி தோற்றார். மூன்று மணி நேரம் நின்று எரியும் அந்த அடுப்பில் குழம்பு கொதிக்கும், வெந்நீர் காயும், கூடவே அறை முழுக்க நீலப் புகை ஒரு சாண் கனத்துக்குத் தொங்கும். நின்றால் கண் எரியும். அதனால் குழந்தைகள் எல்லாம் தரையோடு தரையாகப் படுத்துக்கொண்டு வீட்டுப்பாடம் எழுதுவோம். கீழே காற்று நன்றாக இருக்கும் என்பதை யாரும் எங்களுக்குச் சொல்லித்தரவில்லை.

ரயிலடிப் பக்கம் வேகனிலிருந்து சிந்தும் கரியைப் பொறுக்கி வருவதும் எங்கள் வேலைதான். 1856இல் தென்னிந்தியாவின் முதல் பயணி ரயில் புறப்பட்ட ராயபுரம் ஸ்டேஷன் எங்களுக்குச் சரித்திரமாகத் தெரிந்ததில்லை, கரி பொறுக்குகிற இடமாகத்தான் தெரியும். கட்டியெல்லாம் அப்படியே குமுட்டி அடுப்புக்குப் போகும். தூளைக் களிமண்ணும் சாணியும் கலந்து ஆயா உருண்டை பிடித்து மாடியில் காயவைப்பாள். ஆக, மாடியின் ஒரு பக்கம் கரி படியாமல் காக்க அம்மா துணியை அள்ளிக்கொண்டு ஓடுவாள். மறுபக்கம் அதே கரியை மாமியார் வரிசையாக அடுக்கி வெயிலில் உலர்த்திக்கொண்டிருப்பாள். இரண்டு பேருக்கும் இது ஒரு முரண்பாடாகப் பட்டதே இல்லை. வெளியே இருந்தால் அழுக்கு, அடுப்புக்குள் போய்விட்டால் அது சோறு.

ஊதாங்குழலைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒரு முழ நீளப் பித்தளைக் குழல், வாய் வைக்கும் இடம் தேய்ந்து பளபளக்கும். ஆயா முழங்காலிட்டுக் குனிந்து ஊதுவாள். ஊதுவதற்கு முன் நெஞ்சு நிறைய மூச்சை இழுக்க வேண்டுமே, எதை இழுப்பாள்? முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் குமுறிக்கொண்டிருக்கும் புகையைத்தான். இழுத்து, ஊதி, இழுத்து, ஊதி, ஒரு நாளைக்கு எத்தனை முறை, எத்தனை வருஷம். கல்யாணமாகி வந்த பதினாலு வயதிலிருந்து என்று வைத்துக்கொண்டாலே மனசு கணக்குப் போட மறுக்கிறது.

கடைசிக் காலத்தில் ஆயாவுக்கு மூச்சு இரைக்க ஆரம்பித்தது. நாலு படி ஏறினால் உட்கார்ந்துவிடுவாள். ஆஸ்பத்திரியில் இளவயது டாக்டர் ஒருவர் மார்பில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, "பாட்டி பீடி குடிப்பாங்களா?" என்றார். ஆயாவுக்கு வந்ததே கோபம்! "தொர, என்னப் பாத்தா பீடி குடிக்கிறவ மாதிரியா கீது?" என்று எழுந்துவிட்டாள். அவர் சமாதானப்படுத்தி, வீட்டில் என்ன அடுப்பு என்று கேட்டார். அந்தக் கேள்விக்கும் இரைப்புக்கும் என்ன சம்பந்தம் என்று ஆயாவுக்குக் கடைசிவரை புரியவில்லை. திரும்பும் வழியெல்லாம், "சோறு எதுலமே ஆக்குறன்னு கேக்குறான், இவன் டாக்டரா, வீட்டுக்குப் பொண்ணு பாக்க வந்தவனா" என்று அம்மாவிடம் பொருமிக்கொண்டே வந்தாள்.

போரூர் ராமச்சந்திரா மருத்துவக் கல்லூரியில் டாக்டர் கல்பனா பாலகிருஷ்ணனும் அவரோடு வேலை செய்தவர்களும் தமிழகக் கிராமத்து வீடுகளுக்குள் கருவிகளை எடுத்துப் போய் அடுப்புப் புகையை அளந்ததைப் பிற்காலத்தில் படித்தேன். காற்று மாசு என்றாலே சாலையும் புகைக்கூண்டும் என்று நாடு நினைத்துக்கொண்டிருந்த காலத்தில், சமைக்கிற பெண்ணின் மூக்குப் பக்கத்தில் கருவியைக் கொண்டுபோய் வைத்தார்களே, அதுதான் பெரிய காரியம். திறந்த வெளியில் சமைப்பதைவிட அடைசலான அடுப்பங்கரையில் பல மடங்கு புகையைச் சுவாசிக்கிறார்கள், சமைக்காமல் அதே வீட்டில் உட்கார்ந்திருப்பவருக்கும் பங்கு உண்டு என்று அவர்கள் கண்டதைப் படித்தபோது, தரையில் படுத்து எழுதிய வீட்டுப்பாட நோட்டுகள்தான் எனக்கு ஞாபகம் வந்தன. வீட்டுக்குள் எரியும் அடுப்பால் 2020இல் மட்டும் உலகத்தில் 32 லட்சம் பேர் செத்திருப்பார்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. ஆயா செத்தது அதற்கு ரொம்ப வருஷம் முன்னால். "வயசாயிடுச்சு" என்று எழுதாத ஒரு கணக்கில் சேர்த்துவிட்டோம்.

ராத்திரிக்கு வேறு ஏற்பாடு. ஹார்பர் தூசிக்குப் பயந்து கடல் பக்க ஜன்னலைச் சாத்தி, குப்பைமேட்டு நாற்றத்துக்குப் பயந்து தெருக் கதவையும் சாத்திவிட்டால், உள்ளே ஏழு பேர், எட்டாவதாகக் கொசு. அதற்குப் பச்சை நிறச் சுருள். தகரத் தாங்கியின் நுனியில் செருகி, நைனா தீக்குச்சி கிழிப்பார். சிவப்புப் புள்ளி ஒன்று இருட்டில் மெல்ல மெல்லச் சுற்றிவரும். நடுராத்திரி விழித்தால் அந்தப் புள்ளி எங்கே இருக்கிறது என்று பார்த்தே மணி சொல்வான் அண்ணன். அந்த வாசனை, பக்கத்தில் நைனாவின் குறட்டை, தூரத்தில் கப்பலின் ஊதல். இவ்வளவு பத்திரமாக நான் அதற்கப்புறம் எங்கேயும் தூங்கியதில்லை.

2003இல் வந்த ஓர் ஆய்வில், சீனாவிலும் மலேசியாவிலும் விற்ற கொசுவத்திகளை எரித்துப் பார்த்திருக்கிறார்கள். ஒரு சுருள் முழுக்க எரிந்து முடிக்கையில் வெளிவரும் நுண்துகளின் எடை, 75 முதல் 137 சிகரெட்டுகளின் புகைக்குச் சமமாம். பீடியைக் கையால் தொடாத ஆயாவுக்கு இதை நான் படித்துக் காட்டவில்லை. காட்ட அவள் இல்லை.

வெள்ளிக்கிழமை சாம்பிராணி. எண்ணெய் தேய்த்துக் குளித்த தலையை அக்கா கவிழ்த்துக் காட்ட, ஆயா கூடையைக் கவிழ்த்து முடிக்குப் புகை போடுவாள். மார்கழி கடைசி நாள் போகி. சைக்கிள் கடையில் பத்து நாள் கெஞ்சிக் கூத்தாடி வாங்கி வைத்திருந்த டயர்களை விடிகாலை நாலு மணிக்குத் தெருமுனையில் கொளுத்துவோம். குட்டி மேளத்தை அடித்துக்கொண்டு சுற்றிச் சுற்றி வருவோம். குளிர்காலத்து விடியலில் தரையை ஒட்டிக் குளிர்ந்த காற்று கிடக்கும், அதன்மேல் கொஞ்சம் வெதுவெதுப்பான காற்று மூடிபோல உட்கார்ந்திருக்கும். புகை எழும்பி அந்த மூடியில் முட்டித் திரும்பித் தெருவிலேயே படுத்துக்கொள்ளும். எதிரில் வருபவர் முகம் தெரியாது. அது எங்களுக்குக் கூடுதல் குஷி. 2018 போகியன்று மீனம்பாக்கத்தில் விமானங்கள் இறங்க முடியாமல் திணறின என்று செய்தி வந்தபோது, "நாம கொளுத்தினப்ப ஏரோப்ளேன் நின்னுதா?" என்று அண்ணன் ஃபோனில் கேட்டான். குரலில் ஒரு பொறாமை இருந்ததா என்று எனக்குச் சந்தேகம்.

என்னுடைய குழந்தைப் பருவத்தை வாசனைகளாக அடுக்கினால் விறகு, மரத்தூள், கிருஷ்ணாயில், சுருள், சாம்பிராணி, டயர், டீசல் என்றுதான் வருகிறது. மல்லிகைப்பூவும் மண்வாசனையும் எழுதுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் சங்கடமாக இருக்கும். எனக்கு ஊர் நினைப்பு வந்தால் இருமல் வரும்.

அம்மாவின் தங்கையை எண்ணூரில் கட்டிக்கொடுத்திருந்தது. சித்தப்பாவுக்குக் கொசஸ்தலை ஆற்றில் இறால் தொழில். சின்னம்மா மாதம் ஒருமுறை ஒரு கூடை இறாலோடு வந்து இறங்குவாள். வந்ததும் சகோதரிகள் இருவரும் மொட்டை மாடிக்குப் போய் அழுக்கைப் பற்றித்தான் பேசுவார்கள். இங்கே கரி, அங்கே சாம்பல். எண்ணூரில் அனல்மின் நிலையம் 1970இல் ஓட ஆரம்பித்தது. அதற்கும் வடக்கே தொண்ணூறுகளில் இன்னொரு பெரிய நிலையம் வந்தது. "ஒனக்குக் கறுப்பு, எனக்கு வெளுப்பு. ரெண்டும் ஒண்ணுதான்க்கா. இங்க வண்டி ஏத்துறத அங்க எரிக்கிறான்" என்பாள் சின்னம்மா. நிலக்கரியின் பொருளாதாரத்தை இதைவிடச் சுருக்கமாக எனக்கு யாரும் விளக்கியதில்லை.

2001இல் எண்ணூர்த் துறைமுகம் திறந்தபோது அனல்மின் நிலையங்களுக்கான கரி அங்கே போனது. வெளிநாட்டிலிருந்து கம்பெனிகளுக்கு வரும் கரி மட்டும் எங்கள் பக்கம் தொடர்ந்தது. உயர் நீதிமன்றத்தின் செங்கல் கட்டடத்திலேயே அது படிந்தது. கடைசியில் 2011இல் அதே உயர் நீதிமன்றம், அக்டோபர் 1ஆம் தேதிக்குள் நிலக்கரியையும் இரும்புத் தாதுவையும் சென்னைத் துறைமுகத்திலிருந்து எண்ணூருக்கு மாற்றச் சொல்லித் தீர்ப்பளித்தது. நைனா அதற்குள் ரிட்டயராகி, காலமும் ஆகியிருந்தார். ராயபுரத்தில் பட்டாசு வெடிக்காத குறை. ஒரு வாரம் கழித்து அம்மா ஜன்னல் விளிம்பில் விரலை வைத்து இழுத்துப் பார்த்தாளாம். வழக்கமான அழுக்கு இருந்தது, ஆனால் அந்தக் கறுப்பு இல்லை. பன்னிரண்டு மணிக்குத் துணியை எடுக்காமல் விட்டுப் பார்த்தாளாம். சாயங்காலம்வரை காய்ந்தது. சந்தோஷம் தாங்காமல் தங்கைக்கு ஃபோன் போட்டிருக்கிறாள்.

மறுமுனையில் சின்னம்மா கொஞ்ச நேரம் பேசவில்லையாம். பிறகு, "ஏன்க்கா, உங்க வூட்டுப் பிசாச வெரட்டி எங்க வூட்டுக்கு அனுப்பி வெச்சுட்டீங்களா?" என்று மட்டும் கேட்டாளாம்.

அம்மா அதைப் பல வருஷம் என்னிடம் சொல்லவில்லை. அந்தத் தீர்ப்பைக் குறை சொல்ல என்னால் முடியாது. பல வருஷமாகக் கரி தின்ற ஜனங்களுக்கு மூச்சு கிடைத்தது. ஆனால் எல்லா ஊர்களுக்கும் அக்கா ஊர், தங்கை ஊர் என்று ஒரு வரிசை இருக்கிறது போல. வரிசையின் கடைசியில் நிற்பவளிடம் யாரும் கேட்பதில்லை. எண்ணூரின் பழைய அனல்மின் நிலையம் 2017இல் மூடப்பட்டது. மற்றவை எரிகின்றன, புதியவற்றுக்கு இடம் பார்த்துக் கட்டுகிறார்கள்.

ராயபுரமும் சொர்க்கமாகிவிடவில்லை. ஜீரோ கேட்டுக்குள் நுழையக் காத்திருக்கும் கன்டெய்னர் லாரிகள் எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் என்ஜினை அணைக்காமல் உறுமிக்கொண்டு நின்ற வருஷங்களை நாங்கள் பார்த்தோம். கரி போய் டீசல் வந்தது. இது விரலில் ஒட்டாது, துணியில் தெரியாது. இந்த முறை அம்மாவின் ஈரத்துணிக்கு வேலையே இல்லாமல் போனது.

நான் வேளச்சேரிப் பக்கம் அடுக்குமாடியில் நாலாவது மாடிக்கு வந்து பல வருஷமாகிறது. அம்மா இப்போது என்னோடுதான். 2022 ஏப்ரல் கடைசியில் பெருங்குடிக் குப்பைமேடு பற்றிக்கொண்டு நாள்கணக்கில் எரிந்தபோது, என் மகள் பிடிவாதம் பிடித்துக் காற்று சுத்தம் செய்யும் இயந்திரம் ஒன்றை வாங்க வைத்தாள். நெற்றியில் சின்ன விளக்கு. காற்று நன்றாக இருந்தால் பச்சை, கெட்டால் மஞ்சள், ரொம்பக் கெட்டால் சிவப்பு. தெருவிலிருந்து வரும் புகைக்குச் சிவக்கும் என்று நினைத்திருந்தோம். முதல் நாளே என் மனைவி தோசைக்கல்லில் எண்ணெய் விட்டு மிளகாய் தாளித்ததும் சிவந்து, காற்றாடி உறுமத் தொடங்கியது. "குப்பமேடும் என் சமையலும் ஒண்ணா?" என்று அவள் இயந்திரத்தைப் பார்த்துக் கேட்ட கேள்விக்கு இன்னும் பதில் இல்லை.

என் பழக்கம் ஒன்று உண்டு. காலையில் எழுந்ததும் மொபைலில் ராயபுரத்துக் காற்று எப்படி என்று பார்ப்பேன். மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அங்கே ஓர் அளவு நிலையம் வைத்திருக்கிறது. சொந்தக்காரர் உடம்பு விசாரிப்பதுபோல ஒரு விசாரிப்பு. நுண்துகள் ஆண்டுச் சராசரியில் 40 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது என்று 2009இல் நம் நாடு வரம்பு வைத்தது. உலக சுகாதார நிறுவனம் 2005இல் 10 என்றது, 2021இல் அதையும் 5 என்று குறைத்துக்கொண்டது. எண்கள் இப்படி இறங்குகின்றன, நெஞ்சு என்னவோ ஆயா ஊதாங்குழல் பிடித்த காலத்து நெஞ்சுதான். அந்தக் காலத்து எங்கள் வீட்டுக்குள் யாராவது ஒரு கருவியைக் கொண்டுவந்து வைத்திருந்தால் என்ன காட்டியிருக்கும் என்று நினைத்துப் பார்ப்பேன். பார்த்துவிட்டு மொபைலைக் கவிழ்த்து வைத்துவிடுவேன்.

அம்மாவுக்கு எண்பது ஆகிறது. இங்கே துணி காய்வது பால்கனியில், கரியும் இல்லை தாதுவும் இல்லை. ஆனாலும் பன்னிரண்டு மணிக்குச் சரியாக எழுந்து போய்த் துணியை எடுத்துவிடுகிறாள். காய்ந்திருக்கிறதா இல்லையா என்று தொட்டுப் பார்ப்பதுகூட இல்லை.

2023 டிசம்பர் எண்ணூருக்குக் கெட்ட மாதம். முதல் வாரத்தில் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து ஆற்றின் முகத்துவாரம் முழுக்கப் படர்ந்தது. சித்தப்பாவின் வலை, படகு எல்லாம் தார் பூசியதுபோல ஆனது. 26ஆம் தேதி நள்ளிரவு, கடலுக்கடியில் போகும் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து பெரியகுப்பம் பக்கம் ஜனங்கள் கண்ணும் மூக்கும் எரிய இருட்டில் ஓடினார்கள். சின்னம்மாவும் ஓடியவர்களில் ஒருத்தி. மறுநாள் நான் போய் வலுக்கட்டாயமாகக் கூட்டி வந்தேன். ஒரு பையில் இரண்டு புடவை, ரேஷன் கார்டு, சாமி படம். தொண்டை கட்டிப்போய்க் காற்றுக் குரலில் பேசினாள். அந்த நாற்றம் எப்படி இருந்தது என்று கேட்டதற்கு, "தெரிஞ்சுதே கண்ணு, அதான் பொழச்சோம்" என்றாள்.

அன்று ராத்திரி அம்மாவின் அறையில் பாய் விரித்தோம். ஜன்னல் எல்லாம் சாத்தி, திரை இழுத்து, இயந்திரத்தை அவள் தலைமாட்டில் கொண்டுபோய் வைத்தேன். பச்சை விளக்கு. இதைவிடச் சுத்தமான காற்றில் அவள் வாழ்நாளில் படுத்திருக்க மாட்டாள் என்று எனக்குள் ஒரு பெருமைகூட இருந்தது.

பன்னிரண்டு மணிக்கும் இரண்டு பேரும் தூங்கவில்லை. பேச்சுக் குரல் கேட்டுப் போய்ப் பார்த்தேன். சின்னம்மா எழுந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

"இன்னா சின்னம்மா, மூச்சு முட்டுதா?"

"அதெல்லாம் இல்லப்பா. ஒரு வாசனயும் இல்ல, அதான் தூக்கம் புடிக்கல. ஆஸ்பத்திரில படுத்த மாரி கீது. கொசுவத்தி இல்லியா ஒங்க வூட்ல?"

நான் 75ஐயும் 137ஐயும் சொல்ல வாயெடுத்தேன். அம்மா என்னைப் பார்த்தாள். கீழே இறங்கி, வாட்ச்மேனிடம் ஒரு சுருள் கேட்டு வாங்கி வந்தேன். தாங்கி இல்லை, ஒரு கிண்ணத்தில் மணலுக்குப் பதில் அரிசி போட்டுச் செருகினேன். தீக்குச்சி கிழித்ததும் அந்தப் பழைய சிவப்புப் புள்ளி இருட்டில் உட்கார்ந்துகொண்டது. இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை, தலைமாட்டில் பச்சை மஞ்சளாகி, மஞ்சள் சிவப்பாகி, காற்றாடி முழு வேகத்தில் உறும ஆரம்பித்தது.

"அத நிறுத்துடா, சத்தம் தாங்கல" என்றாள் அம்மா, கண்ணை மூடியபடி.

நிறுத்தினேன். நான் கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வருவதற்குள் சின்னம்மாவின் குறட்டை கேட்டது.